மேஸ்திரியின் சட்டைப்பை

அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சட்டைப்பை வந்துவிடும். கலகலவென்று ஒரு சத்தம். சலங்கை கட்டிய மாடு எதுவோ வருகிறது என்று திரும்பினால், காக்கிச் சட்டையும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக மேஸ்திரி நிற்பார். இடப்பக்கப் பையில் போல்ட்டு, நட்டு, வாஷர், சில நேரம் வளைந்த இரும்புப் பின் ஒன்று. எல்லாம் அவர் கடைசியாகக் கழற்றிப் பூட்டிய வண்டியில் மீந்துபோனவை.

மீந்துபோனவை என்றால் புரிகிறதல்லவா? பிரிக்கும்போது வண்டியில் இருந்தன. பூட்டும்போது அவருக்குத் தேவைப்படவில்லை.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளிப்பா," என்பார். "நாலு போல்ட்டு போதும்ன்ற எடத்துல ஆறு போட்டு வெப்பான். அவன் பயத்த நாம எதுக்குச் செமந்துகினு திரியணும்?"

நான் பிறவியிலேயே கம்பெனிக்காரனின் கட்சி. வேட்டியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பெல்ட்டுப் போட்டு, அதற்குமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். என்னைப் பார்த்த முதல் நாளே மேஸ்திரி எனக்குப் 'பயில்வான்' என்று பேர் வைத்துவிட்டார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. நர்ஸ்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் உடம்பைப் பார்த்து வைத்த பேர் என்று நினைத்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களை நான் திருத்தவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் திரும்புகிற சாலையில், அடிவாரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஒரு லாரி பல வருஷமாகச் செத்துக் கிடந்தது. எந்தத் தேசத்துப் புண்ணியவான்களோ எப்போதோ கொடுத்தது. முன்னால் பார்த்தால் சாதாரண லாரி. பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் எக்ஸ்ரே மெஷின், மூலையில் பிலிம் கழுவ ஓர் இருட்டறை, கரண்டுக்கு ஒரு ஜெனரேட்டர், இவை எல்லாவற்றையும் குளிர்விக்க ஒரு ஏசி. டயர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பானெட்டுக்குள் ஒரு கோழி வருஷம் தவறாமல் அடைகாத்து வந்தது.

எங்கள் டாக்டர் சிஸ்டர் கன்னியர் மடத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். ஒருநாள் அந்த லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மலை மேல வீட்டுக்கு வீடு இருமிக்கிட்டு இருக்காங்க. நெல்லிவாசல்ல இருந்து நடந்து கீழ வர்றதுக்குள்ள அவங்களுக்குப் பாதி உசுரு போயிடும். மெஷின்தான் மேல போகணும். மழைக்கு முன்னாடி, ஜமுனாமரத்தூர் சந்தையன்னைக்கு, இது அங்க நிக்கணும்."

"மெஷினா சிஸ்டர்?" என்றேன்.

"மெஷினும் நீங்களும்."

அந்த 'நீங்களும்' காதில் விழுந்ததும் வேட்டியை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினேன்.

மலையே குளிர்ச்சிதானே, ஏசி எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், ஏசி ரிப்பேர் ஆகாவிட்டால் மலைக்குப் போகவேண்டாமே என்ற நல்லெண்ணத்தில். ஆனால் வெயிலில் நிற்கும் மூடிய தகரப் பெட்டி எங்கே நின்றாலும் அடுப்புதான். பிலிம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் சூடானால் பிலிம்மேல் பூசியிருக்கும் பூச்சு கஞ்சி மாதிரி வழிந்துவிடும். நெஞ்சைப் பிடித்த படத்தில் நெஞ்சே இருக்காது. ஏசி ஓடினால்தான் முகாம்.

அப்படித்தான் மேஸ்திரி வந்தார். எங்கள் பக்கத்தில் மோட்டார் என்று பேர் உள்ள எதற்கும் அவர்தான். ஏசியும் பார்ப்பீர்களா என்று சிஸ்டர் கேட்டதற்கு, "சுத்தறது எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார்.

அவருடைய பெருமையை நான் முன்பே அனுபவித்திருந்தேன். ஒருமுறை சந்தைக்குப் போன பஸ் மலைப்பாதையில் பாதியில் நின்றுவிட்டது. மேஸ்திரியும் அதில் ஒரு பயணி. இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்து, எதையோ கழற்றி எதையோ பூட்டி எழுந்தார். எழும்போது கையில் ஒரு நட்டு. அதைப் பைக்குள் போட்டதை, பஸ் படிக்கட்டில் நின்றிருந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டார்.

"யோவ், இன்னாயா அது, ஜோபுல போட்டுக்கினது?"

"மிச்சம்மா."

"மிச்சமா? எங்க வூட்ல கொழம்பு மிச்சம் ஆவும். பஸ்ல இன்னாயா மிச்சம்?"

"ஏறும்மா, ஒண்ணும் ஆவாது."

"நீ ஏறு. நான் நடந்தே பூட்றேன்."

அந்த அம்மாள் புளி மூட்டையோடு இறங்கிவிட்டார். அவருக்குத் துணை வேண்டுமே என்று நானும் இறங்கினேன். துணைக்கு இறங்கியதாகத்தான் கண்டக்டரிடம் சொன்னேன். பாதி வழி நான் அவர் மூட்டையைச் சுமந்தேன், மீதி வழி அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், வேகமாக நடக்கவில்லை என்று. நாங்கள் நாக்குத் தள்ளிப் போய்ச் சேர்ந்தபோது பஸ் ஜமுனாமரத்தூரில் நிழலில் நின்றிருந்தது. மேஸ்திரி டீக்கடை பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பயில்வான், காத்து வாங்கிகினு வந்தியா?"

எனக்கு ஆத்திரமே அதுதான். அவர் பூட்டிய எந்த வண்டியும் கவிழவில்லை. எந்தப் பம்புசெட்டும் வெடிக்கவில்லை. எங்கள் கோயில் ஆர்மோனியத்தைக்கூட ஒருதரம் பிரித்து, மூன்று திருகாணியை மிச்சம் பிடித்துப் பூட்டினார். அதற்கப்புறம் அது முன்னைவிடச் சத்தமாகப் பாடியது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சக்கரம் கழன்று ஓடியிருந்தால்கூட நான் நிம்மதியாக அவரைக் கண்டு பயந்திருப்பேன். எதுவும் ஆகாததால் என்றைக்கோ எல்லாம் சேர்ந்து ஆகப்போகிறது, அன்றைக்கு நான் உள்ளே இருப்பேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

லாரி வேலை தொடங்கியது. கோழியை முதலில் இடம் மாற்றினார், முட்டைகளோடு, மரியாதையாக. பிறகு இஞ்சினை இறக்கினார். பிரேக் டிரம்களைக் கழற்றிக் கழுவினார். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் ஒட்டவைத்தார். புங்கமரத்தடி முழுக்க லாரியின் குடல் பரப்பிக் கிடந்தது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் ஓரமாக நின்று பார்ப்பேன். லாரி எழுந்து நிற்க நிற்க, அவருடைய சட்டைப்பை கீழே தொங்கிக்கொண்டே போனது.

"அது எங்க இருந்துணா?" என்று ஒரு நீளமான போல்ட்டைக் காட்டிக் கேட்டேன்.

"அது தெரிஞ்சா மாட்டியிருக்க மாட்டனா?" என்றார்.

ஒருநாள் லாரி உறுமியது. ஆஸ்பத்திரியே ஓடிவந்து கைதட்டியது. அடுத்து ஏசி. அதுவும் ஓடியது, ஆனால் கொஞ்ச நேரம்தான். போட்டதும் சில்லென்று வரும். ஒரு செபமாலை சொல்லி முடிப்பதற்குள் காற்று குறைந்து, வெதுவெதுப்பாகி, பிறகு ஒன்றுமே வராது. அணைத்து வைத்துவிட்டு மத்தியானம் போட்டால் மறுபடி சில்லென்று வரும். மறுபடி சாகும்.

மேஸ்திரி வெளியே இருந்த மெஷினைப் பிரித்தார். பெல்ட்டை மாற்றினார். சாமை உமியும் தூசியும் அடைத்திருந்த கம்பி ஜாலியைக் கழுவினார். கேஸ் போகிற குழாய் மூட்டுகளில் எல்லாம் சோப்பு நுரை தடவி, குமிழி விடுகிறதா என்று உற்றுப் பார்த்தார். உள்ளே நிலவரம் சொல்ல ஆள் வேண்டும். அது நான்தான்.

"பயில்வான், நீ உள்ள ஒக்காரு. கதவ மூடிக்கோ. சில்லுனு வந்தா ஒரு தட்டு தட்டு. சூடா வந்தா ரெண்டு தட்டு."

"மூச்சு முட்டினாணா?"

"அப்ப தட்டவாணாம். சத்தம் நின்னா நாங்களே தெரிஞ்சிக்கறோம்."

நம்பமாட்டீர்கள், எனக்கு அந்தப் பெட்டிக்குள் பயமே கிடையாது. இருட்டு, மெஷின், மருந்து நாற்றம், எல்லாம் என் தொழில். உலகத்தில் நான் பயப்படாத ஒரே இடம் அது. ஒரு தட்டு, பிறகு ரெண்டு தட்டு என்று நாள் கணக்கில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மலைப்பாதையின் முதல் வளைவுவரை ஏற்றிப் பார்ப்போம் என்றார் மேஸ்திரி. டாக்டர் சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தேன். வளைவில் நிறுத்தியபோது இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சொட்டு சொட்டாக ஏதோ ஒழுகியது.

"பிரேக் ஆயிலு! மேஸ்திரி, பிரேக் ஆயிலு! கல்லு வைங்க, கல்லு வைங்க!" என்று கத்திக்கொண்டே நானே ஒரு பாறையைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். அந்தப் பாறையைப் பிறகு மூன்று பேர் சேர்ந்து நகர்த்தினார்கள்.

மேஸ்திரி விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "தண்ணி. ஏசி தண்ணி. ஏசி வேல செய்யுதுன்னு அர்த்தம். நீ சந்தோசப்படணும்."

நான் சந்தோஷப்படுவதற்குள் சொட்டு நின்றது. பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன், வெதுவெதுப்பு. ரெண்டு தட்டு தட்டினேன். கீழே இறங்கும்போது அவரோடு வண்டியில் வரமாட்டேன் என்று சொல்லி நடந்தே இறங்கினேன். பாதையோரம் புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஏன் தம்பி நடக்கிறாய் என்று கேட்டதற்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது அப்போதுதான். இத்தனை நாளில் மேஸ்திரி ஒருதரம்கூடப் பெட்டிக்குள் வரவில்லை. காற்று உள்ளே நிற்கிறது, ஆள் வெளியே தேடுகிறார். "உள்ள வந்து ஒருவாட்டி பாருங்கணா," என்றால், "உள்ள இன்னா கீது, காத்து ஊதற பேனுதான? மெஷினு வெளியதான்," என்பார். பெட்டியின் கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கமாக வராமல் லாரியை முழுச்சுற்று சுற்றிப் போவார். கதவுக்கு எதிரே நிற்க நேர்ந்தால் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்வார்.

அப்புறம் அந்த ரேஸ். நிற்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். இஞ்சின் அலறும். பிறகு விடுவார். எந்த ஒழுங்கும் இல்லாமல், காரணமும் இல்லாமல். இஞ்சினைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய சம்சாரம் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தார். தூக்குவாளியை வைத்துவிட்டு என் அறை வாசலில் தயங்கி நின்றார்.

"தம்பி, அந்த வண்டில நெஞ்ச படம் புடிக்கிற மெஷினு கீதாமே?"

"ஆமாங்க."

"இவர ஒருவாட்டி புடிச்சிடேன். வூட்ல படுத்தா இருமிகினே கீறாரு. கேட்டா டீசல் பொகைன்றாரு. லுங்கில நேத்து லேசா செவப்பு. அதுக்கும் பெயின்டுன்றாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லிடாத."

வெளியே இஞ்சின் அலறியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அலறலுக்கு அடியில், கிழிந்த சாக்கை இழுப்பது போல, ஓர் இருமல்.

எனக்குப் பழக்கமில்லாத பயம் அது. இதுவரை என் பயமெல்லாம் எனக்காகவே பட்டது. இன்னொருத்தருக்காகப் பயப்பட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கை கால் எங்கே வைப்பது என்றுகூடப் புரியவில்லை.

மறுநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு பயில்வான்."

"நிக்கற வண்டிக்கு எதுக்குணா அவ்ளோ ரேஸு?"

"இஞ்சின் சூடாவ வாணாமா?"

"நீங்க இருமறப்ப மட்டும்தான் அது சூடாவுதா?"

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். ரொம்ப நேரம் மிதித்தார்.

"எங்க அண்ணன் இருந்தானே, லாரி டயர ஒத்த ஆளா தூக்கிப் போடுவான். லேசா இருமல் வந்துச்சி. கூட்டிகினு போயி படம் புடிச்சாங்க. புடிச்சி கொஞ்ச மாசம், செத்துப் பூட்டான். படம் புடிக்கற வரிக்கும் நல்லாத்தான் இருந்தான்."

"நல்லா இருந்தவர எதுக்குணா படம் புடிச்சாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லாரிப் பெட்டியைக் கைகாட்டினார். "அதுக்குள்ள போனா சும்மா இருக்காதுப்பா. கேக்காமலே பாத்துடும்," என்றார்.

"நான் தெனம் அதுக்குள்ளதான கெடக்கறேன்?"

"உனுக்கு பயமா இல்ல?"

"அதுக்குள்ள இல்லணா. வெளிய மத்த எல்லாத்துக்கும் பயம்."

"எனக்கு வெளிய எதுக்கும் இல்ல," என்றார் மெதுவாக.

இரண்டு பேரும் லாரியைப் பார்த்தோம். அந்தப் பெட்டியின் தகரச் சுவர்தான் எங்கள் இரண்டு பேருடைய பயத்துக்கும் எல்லைச் சுவர் போல நின்றது. அப்போது என் வாயில் ஏதோ பேய் புகுந்துவிட்டது. இல்லாவிட்டால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீங்க உள்ள வாங்கணா. ஏசியும் பாருங்க, படமும் எடுத்துக்கலாம். பதிலுக்கு மலைமேல இருந்து கீழ வரைக்கும் உங்க பக்கத்துல ஒக்காந்து வர்றேன். கண்ணத் தொறந்துகினு."

"கதவப் புடிச்சிகினு குதிக்க ரெடியா ஒக்காருவ."

"கைய மடியில வெச்சிகினு வர்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. ரேஸ் கொடுக்க இஞ்சின் ஓடவில்லை. முழு இருமலையும் நான் கேட்டேன்.

பெட்டிக்குள் அவர் ஏறியது, குளத்தில் முதல் தடவை இறங்குகிறவன் காலை வைத்துப் பார்ப்பது போல இருந்தது. நெஞ்சைக் கட்டிய கை அவிழவே இல்லை. ஆனால் உள்ளே காற்று வருகிற ஜாலியைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். கை தானாக அவிழ்ந்து திருப்புளியைப் பிடித்தது. ஜாலியைக் கழற்றினால், அதற்குப் பின்னால் கெட்டியாக ஒரு கூடு. லாரி செத்துக் கிடந்த வருஷங்களில் அணில்கள் கட்டியது. எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரிப் பஞ்சு, கட்டுத்துணி. காற்று அதைத் தாண்டி வர முடியாததால் குளிரெல்லாம் குழாய்மேலேயே உறைந்து வெள்ளையாகப் பனிக்கட்டி. ஏசி ஓடத்தான் ஓடியிருக்கிறது. தன்னையே குளிரவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

"அடப் பாவமே," என்றார் மேஸ்திரி. "மொத நாளே உள்ள வந்திருந்தா கால் மணி நேர வேல."

கூட்டைப் பிடுங்கி எறிந்தார். பனி உருகி, காற்று நிதானமாக, நிற்காமல் வந்தது. வெற்றியோடு கதவைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"பேச்சு பேச்சா இருக்கணும்ணா."

சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். எக்ஸ்ரே படித்தவனுக்கு அது முதல் பாடம். ஆனால் இன்னொரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் ஓடிவிடுவார் போலிருந்தது. அப்படியே பலகைமேல் நெஞ்சைச் சாய்த்து, "மூச்ச இழுத்து நிறுத்துங்க," என்றேன். நிறுத்தினார். எடுத்தேன். "விடலாம்," என்றேன். விடவில்லை. முதுகில் தட்டித்தான் விடவைக்க வேண்டியிருந்தது.

இருட்டறையில், சிவப்பு விளக்கடியில், பிலிமை மருந்தில் ஆட்டினேன். விலா எலும்புகள் எழுந்து வந்தன. இதயத்தின் நிழல் வந்தது. அதற்குமேல், பளிச்சென்று வெள்ளையாக, ஆறு மூலையோடு ஒன்று. பிறகு இன்னொன்று. ஒரு வட்டம், நடுவில் ஓட்டை. ஒரு நீளமான கம்பி.

மனுஷன் நட்டைத் தின்றுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சட்டைப்பை ஞாபகம் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதி போவதற்குள் அடுத்தது உறைத்தது: படத்தில் இருப்பதெல்லாம் லாரியில் இல்லாதது. நான் கண்ணைத் திறந்துகொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிற லாரி. உடம்பைப் படம் பிடிக்கப்போய் வண்டியின் நோயைப் பிடித்திருந்தேன்.

மூன்றாவது பயம் கடைசியாக வந்தது. போல்ட்டுகளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, அவை போல விளிம்பு இல்லாமல், கலைந்து கிடந்தது இன்னொரு வெளுப்பு.

வெளியே வந்து, "சட்டையக் கழட்டுங்கணா. இன்னொரு படம்," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பையிலிருந்ததையெல்லாம் எடுத்து என் கையில் கொட்டினார். இத்தனை கனமா என்று இருந்தது.

டாக்டர் சிஸ்டர் இரண்டாவது படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடப்பக்கம் மேலே, அந்த அணில் கூட்டுப் பஞ்சை ஒட்டவைத்தது போல ஒரு புகை.

"சொல்லிடும்மா," என்றார் மேஸ்திரி. "எங்க அண்ணன் மாதிரிதான?"

"காசநோய்தான். ஆனா அண்ணன் காலம் வேற. இப்ப மருந்து இருக்கு, சரியாயிடும். ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிடணும், ஒரு நாளும் விடக்கூடாது." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மூணு மாசத்துல இருமல் நின்னுடும். அப்பதான் ஆபத்து. நல்லாயிட்டோம்னு பாதிப்பேர் மாத்திரையை நிறுத்திடறாங்க. அதுக்கப்புறம் திரும்ப வந்தா மருந்துக்கு அடங்காது."

மேஸ்திரி தலையாட்டினார். நான் என் கையிலிருந்த போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒரு நாளும் விடக்கூடாதாம். யாரிடம் சொல்கிறார் பாருங்கள். கொடுத்ததை முழுசாகப் போட்டு முடிப்பது என்ற பழக்கமே இல்லாத மனுஷனிடம்.

அன்று சாயங்காலம் அவர் சொல்லாமலே லாரியிடம் போனார். நான் போல்ட்டுகளை நீட்டினேன். ஒவ்வொன்றாக வாங்கி, காலியான ஓட்டைகளைத் தேடினார். நான் பின்னாலேயே அந்த முதல் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். போல்ட்டே கையில் இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்கு எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் பக்கம் இரண்டு பூட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா, ஒரு அழகுக்கு," என்றார்.

ஊசியும் மாத்திரையுமாகச் சில வாரங்கள் போயின. மழைக்கு முன்னால் லாரி மலை ஏறியது. சந்தைக்கு வந்தவர்களும், நெல்லிவாசல் பக்கமிருந்து நடந்து வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். பெட்டிக்குள் வர மறுத்தவர்களிடம் மேஸ்திரியே போய், "நானே போயிட்டு வந்தேன், ஒண்ணும் பண்ணல. நட்டு போல்ட்டு இருந்தா மட்டும் எடுத்து வெச்சிடு," என்றார். இறங்கும்போது நான் ஒப்பந்தப்படி கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மடி நனைந்ததா என்று கேட்டால், ஏசி தண்ணீர் என்று சொல்வேன்.

இருமல் நின்றது. நிற்கிற வண்டியில் ரேஸ் கொடுப்பதும் நின்றது. ஆஸ்பத்திரியே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் தூக்கம் போனது. ஒருநாள் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்:

"பயில்வான், இந்த மாத்திர கம்பெனிக்காரனும் பயந்தாங்கொள்ளியாத்தான இருப்பான்? ஒண்ணு ரெண்டு சேத்துத்தான குடுத்திருப்பான்?"

"லாரிய செஞ்சவன் வேறணா. நெஞ்ச செஞ்சவன் வேற. அவன் கூடுதலா எதையும் போடல."

"போடலையா? ரெண்டு நுரையீரல் போட்டுக்கீறான். அவனும் பயந்தவன்தான்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் அவர் சட்டைப்பையையே பார்த்தேன். அது தட்டையாக இருந்தது.

அடுத்த முகாமுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி அடக்கமாக உறுமியது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவர் ஸ்டியரிங்கை ஒடித்தபோது கேட்டது, கலகல. லேசாகத்தான். ஆனால் எனக்குத் தெரியாத சத்தமா?

பார்த்தேன். சட்டைப்பை உப்பியிருந்தது.

"பையில இன்னாணா?"

"மிச்சம்."

"எதுல மிச்சம்?"

வளைவு முடியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். எதிரே ஒரு பஸ் வேறு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பள்ளம், அடியில் காடு. வாழ்நாள் முழுக்க அந்தப் பள்ளத்தைப் பார்த்து நடுங்கியவன் நான். அன்று அதை நான் பார்க்கவே இல்லை. மாதாவே, போல்ட்டாக இருக்கட்டும், என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மாத்திரையாக மட்டும் இருக்கவேண்டாம். இஞ்சினுடையதாக இருக்கட்டும், சக்கரத்துடையதாக இருக்கட்டும், எதுவாக இருந்தாலும் சரி. இரும்பாக இருக்கட்டும்.

பஸ் தாண்டியது. பாதை நேரானது. அவர் ஒரு கையை எடுத்துப் பைக்குள் விட்டு, என் மடியில் கொட்டினார்.

கிரீஸ் படிந்த இரண்டு போல்ட்டு. ஒரு வாஷர்.

"அப்பாடா!" என்று கத்தியேவிட்டேன். "மாத்திரணா? மாத்திர?"

"அது காலையிலயே போட்டாச்சி. வூட்ல அவ எதிர நின்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கறா." என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா பயில்வான், போல்ட்டப் பாத்து இவ்ளோ சந்தோசம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் அந்த இரண்டு போல்ட்டையும் கையில் பொத்தி வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"எதுலருந்துணா இது?" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"காலைல கெளம்பறப்போ பிரேக்கு பாத்தேன்ல?"

எதிரே அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.